ரெண்டு வெரக்கட

…அதுக்குத்தான் அந்தக் கார்னர் வீட்டு மாமியாரு டிக்கெட்ட முன்னாடியே மாத்திப்போட்டு ஊருக்குப் போயிட்டா, பானு. சண்டையெல்லாம் ஒண்ணுமில்ல. பாத்திரம் கழுவற மிஷின்ல இரும்பு தோசக்கல்லப் போட்டுட்டாளாம், மருமவ ஒரு சொல்லு சொல்லிப்போட்டாளாம். ஒரு தோசக்கல்லுக்காவ ஏரோப்ளேன் ஏறிப் போறா பாரு! எனக்குச் சிரிச்சு சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு. சரி, அந்தக் கொத்தமல்லிய இப்படி வையி, நான் ஆஞ்சு தாரேன். அதென்ன, போன நீட்டற?

அட, நாந்தான் அம்மிணி! வேற ஆரு, இந்த ஃபிரிஸ்கோவுல சீலைய ஏத்திச் சொருவிக்கிட்டு, காலுல ஷூவு, காதுல அம்மாம்பெரிய ஹெட்ஃபோனு, வாயில நூலக் கடிச்சுக்கிட்டு நிப்பா? எங்க புடிச்ச இந்தப் போட்டோவ? அந்த ரேஸ் ட்ராக்கோட ஃபேஸ்புக்குலயே போட்டுருக்காங்களா இன்னும்? கீழ என்னமோ எழுதியிருக்குதே, படி. "டயர் லேடி." பாத்தியா! இன்னொருக்கா படி.

சரி, நீ கொத்தமல்லிய சாக்கு வெச்சுக்கிட்டு வந்தது எனக்குத் தெரியும். தெனம் அஞ்சு மணிக்கு கராஜுக்குள்ள வேன்ல உக்காந்துக்கிட்டு எங்கயும் போவாம இருக்கானே என்ற பேரன், அவந்தான் அந்த ரேஸ் டிரைவரான்னு கேக்கணும். கேளு, தப்பில்ல. குடி வந்து நாலு மாசமா கேக்காம இருந்ததே பெரிசு. அவனேதான். கவின். எங்க சுமதி பெத்த மவன். ட்ராக்குல அல்லாருக்கும் கெவின்.

எனக்கு எழுத்து தெரியாது, பானு. கையெழுத்துன்னா கட்டவெரலுதான். ஆனா டயரு தெரியும். சங்ககிரியில இருவத்திரெண்டு வருசம் எங்க ஊட்டுக்காரரு லாரி டயரு ரீட்ரேடிங் கடை வெச்சிருந்தாரு. ஆளு வராத நாளுல நாந்தேன் சுரண்டறது, ரப்பர் ஒட்டறது, காத்து பாக்கறது. உள்ளங்கைய வெச்சா எந்தப் பக்கம் தேயுது, எவன் லோடு அதிகமா ஏத்தறான் எல்லாஞ் சொல்லிப்போடுவேன். அவரு போன பொறவு கடைய வித்தாச்சு. சுமதி இங்க கூட்டிட்டு வந்துட்டா. கடையோட இரும்புச் சாவி ஒண்ணு மட்டும் எப்படியோ என்ற பொட்டியில வந்துருச்சு. அத நெனப்புல வெச்சுக்க.

கவினுக்கு பன்னெண்டு வயசுல ஆரோ பர்த்டே பார்ட்டின்னு குட்டிக் கார் ஓட்டற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அவ்வளவுதேன். பொறவு படிப்பாவது ஒண்ணாவது. பதினாறு வயசுல, ரோட்டுல ஓட்ட லைசென்ஸ் வாங்கறதுக்கு முன்னாடியே ஸ்டாக் கார் ஓட்டிட்டான். ஸ்டாக் காருன்னா வெளிய பாத்தா நம்ம தெருவுல நிக்கற காராட்டந்தான் இருக்கும், உள்ள ஒத்த சீட்டு, மிச்சமெல்லாம் இரும்புக் கொழா. முட்ட மாதிரி ஒரு ரோடு, அதுலயே சுத்திச் சுத்தி, எப்பவும் எடது பக்கமே திரும்பணும். டோல்வே முடிஞ்சு, வீடுங்க முடிஞ்சு, மாடு மேயற எடம் வரும் பாரு, அதுக்கும் அக்கட்ட இருந்துச்சு அந்த ட்ராக்கு. சனிக்கெழம ஆனா நான் புளிசாதமும் முறுக்கும் கட்டிக்கிட்டுப் போவேன்.

அந்தக் காருக்கு மேஸ்திரி வேட்னு ஒரு வெள்ளக்காரரு. என்ற வயசுதான் இருக்கும். சத்தமே போட மாட்டாரு. சூரியகாந்தி வெதைய மென்னுக்கிட்டு, ஒவ்வொரு நட்டையும் முறுக்கிட்டு அதுமேல மஞ்ச பேனாவுல ஒரு கோடு போடுவாரு. கோடு இருந்தா அவரு கை பட்டுதுன்னு அர்த்தம். மொத நாளு நான் சும்மா இருக்காம ஒரு டயர தடவிப் பாத்து, "கண்ணு, இதுல நடுவுல தேயுது, காத்து எச்சா இருக்குதுன்னு அந்தத் தாத்தாகிட்ட சொல்லு"ன்னேன். கவினு நெளியறான். "அம்மாயி, ப்ளீஸ்." அவரு கேட்டுட்டாரு. சிரிக்கல. காத்து பாக்கற மீட்டர என்ற கையில குடுத்தாரு. நான் அதப் படிக்கத் தெரியாம அவருக்கே திருப்பிக் குடுத்தேன். அவரே வெச்சுப் பாத்தாரு. பாத்துப்போட்டு என்ற மூஞ்சியப் பாத்தாரு.

பொறவு டேப்ப எடுத்தாந்து, பின்னாடி ரெண்டு டயரையும் சுத்தி அளந்து காமிச்சாரு. வலது பக்கத்து டயரு எடதவிட கொஞ்சம் பெருசா இருக்கணுமாம். ஏன்னு கேளு. காபி குடிக்கற பேப்பர் டம்ளர கீழ போட்டு உருட்டிப் பாரு, நேரா போவாது, தானா வட்டம் போடும். ஒரு பக்கம் வாயி பெருசு, ஒரு பக்கம் சின்னது. காரும் அதேதேன். வட்டத்துல ஓடற காருக்கு அந்த வித்தியாசந்தான் உசுரு. எனக்கு டேப்புல நெம்பரு தெரியாது. பூக்கட்டற நூலு பையில இருந்துச்சு. எடது டயர சுத்தி ஒரு முடிச்சு, வலது டயர சுத்தி ஒரு முடிச்சு. ரெண்டு முடிச்சுக்கும் நடுவுல வெரல வெச்சேன். ரெண்டு வெரக்கட. அந்த ட்ராக்குக்கு அதுதான் சரின்னு பொறவு ஓட்டி ஓட்டிக் கண்டுபுடிச்சோம். வெயிலு எச்சான்னா ஒரு நூலு கொறையும், அவ்வளவுதேன்.

அதுல இருந்து டயரு என்ற பொறுப்பு. "மிஸ் நல்லா"ன்னு கூப்புடுவாரு. நல்லம்மான்னு வாயில நொழையல. ஓடி வந்த டயரு கொதிக்கும், அத ஓரம், நடு, உள்பக்கம்னு மூணு எடத்துல தொட்டு, அவருகிட்ட வெரல்ல காட்டுவேன். எங்களுக்குள்ள பாஷையே தேவப்படல. கேசின்னு ஒரு பொண்ணு, வேற காரு ஓட்டறவ, இருவது வயசு இருக்கும். என்ற முறுக்கு டப்பா தெறக்கற சத்தம் கேட்டா அந்தக் கோடியில இருந்து ஓடி வருவா. "மோர், கிராண்ட்மா, மோர்"னு பையில போட்டுக்கிட்டு ஓடுவா. அவ காருல டயர தொடுன்னு கூப்புடுவா. வேட் மொறைப்பாரு. நான் தொட்டுட்டு வருவேன். இப்ப நெனச்சா சிரிப்பா வருது.

ஒருதாட்டி இந்த எலுமிச்சங்கா கூத்து நடந்துச்சு. பெரிய ரேஸு. நான் ஆருக்கும் சொல்லாம நாலு டயருக்கும் அடியில நாலு எலுமிச்சங்காய வெச்சுப்போட்டேன், நம்ம ஊருல புதுக் காருக்கு வெக்கற மாதிரி. ஆஞ்சநேயர் கோயில்ல பூச போட்டது. காரு நவுந்துச்சு, பொச்சுனு நசுங்கிச்சு, வேட் ஓடியாந்து குனிஞ்சு டயர மோந்து பாக்கறாரு! பிரேக் ஆயில் ஒழுகுதுன்னு நெனச்சுட்டாரு. சுமதி வெளக்கிச் சொல்லவும், தலைய ஆட்டி ஆட்டி கேட்டுக்கிட்டாரு. கேட்டுட்டு ஒண்ணு சொன்னாரு. "மிஸ் நல்லாகிட்ட சொல்லு. என்ன வேணா வெக்கலாம், எங்கிட்ட சொல்லிட்டு வெக்கணும். எனக்குத் தெரியாத ஒரு பொருள் என் காருல இருக்கக்கூடாது." சத்தம் போட்டுச் சொல்லல. ஆனா அதுக்குப் பொறவு ஒவ்வொரு ரேஸுக்கும் அவரே ஒரு எலுமிச்சங்கா வாங்கியாந்து என்ற கையில குடுப்பாரு. கார ஏத்திட்டு வர்ற ட்ரெய்லர் சக்கரத்துக்கு வெக்கணும், காருக்கு இல்ல.

இன்னொரு பழக்கம் வெச்சிருந்தாரு. காரு கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு சுத்து நடப்பாரு. எஞ்சின் பாத்தவன், பிரேக் பாத்தவன், ஒவ்வொருத்தன்கிட்டயும் நின்னு "குட்?"னு கேப்பாரு. அவன் செஞ்ச எடத்துல கைய வெச்சு "குட்"னு சொல்லணும். ஒருத்தன் சொல்லலைன்னாலும் காரு நவுராது. கடசி ஆளு நானு. வலது பின் டயர்ல கைய வெச்சு "குட்"டுன்னுவேன். அதுக்குள்ள கவினு ஜன்னல் வலைக்குள்ள இருந்து தலைய நீட்டி, "அம்மாயி, எத்தன வெரக்கட?"ம்பான். இங்க பொறந்த புள்ள, நாம தமிழ்ல கேட்டா இங்கிலீஷ்ல பதில் சொல்றவன், அவன் தமிழ்ல முழுசா பேசறது அந்த ஒண்ணுதான். "ரெண்டு"ன்னு சொன்னா ஹெல்மெட் கண்ணாடிய எறக்கிட்டுப் போவான்.

போனான் பாரு அம்மிணி! ஒரு சீசன் பூராவும் அவந்தான். ஊடு நெறைய கப்பு. அரிசி கொட்டி வெக்கலாமான்னு கேட்டேன், சுமதி அடிக்க வந்துட்டா. பொறவு ஒரு பெரிய டீம்காரங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. அங்க டயருக்குத் தனி ஆளு, யூனிஃபார்மு, கம்ப்யூட்டரு. என்னைய உள்ளயே உடமாட்டாங்க. ஆனா ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாடியும் போன் வரும். நான் இங்க அடுப்படியில நிப்பேன். "அம்மாயி, எத்தன வெரக்கட?" எனக்கு அந்தக் காரே தெரியாது. "ரெண்டு கண்ணு"ம்பேன். டிவியில பாத்தா அவன் போயிட்டிருப்பான்.

அந்த டிவியிலதான் மொத அடியும் பாத்தேன். செவுத்துல போயி மோதுச்சு. எந்திரிச்சு கைய ஆட்டிட்டு நடந்து வந்தான். நான் டிவியவே கும்புட்டேன். கொஞ்ச நாள்ல ப்ராக்டீஸ்ல இன்னொரு அடி. அது டிவியில வரல. அதுக்கப்புறம் அவன் ஓட்டறது ஒரு கண்ணிமைக்கற நேரம் பிந்திப்போச்சு. அங்க அது போதும். அடுத்த வருசம் வேற பையன ஏத்திட்டாங்க. இவன் திரும்ப வேட்கிட்டயே வந்தான். அவரு சீட்டத் தொடச்சு வெச்சாரு.

மொத சனிக்கெழம. "எத்தன வெரக்கட?"ன்னான். "ரெண்டு"ன்னேன். கண்ணாடிய எறக்கினான். திருப்பி ஏத்தினான். "அம்மாயி, எத்தன வெரக்கட?" எனக்குச் சுருக்குன்னுச்சு. காது கேக்கலையாட்டம் இருக்குதுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன்.

பொறவு ஒரு வியாழக்கெழம, மத்தியானம். ஊட்டுல நானும் அவனும் மட்டும். தோச சுட்டுக்கிட்டிருக்கேன், பின்னாடி தட்டு உழுந்துச்சு. திரும்பறேன், புள்ள தரையில கெடக்கறான். கையும் காலும் வெட்டி வெட்டி இழுக்குது, வாயில நொர. எங்க ஊருல என்ன செய்வாங்க? கையில இரும்பக் குடுப்பாங்க. ஓடிப்போயி பொட்டியில இருந்த சாவிய எடுத்தாந்து அவன் கையில வெச்சு அமுக்கிப் புடிச்சேன். கொஞ்ச நேரத்துல நின்னுபோச்சு. சாவியாலதான் நின்னுச்சுன்னு நெனச்சேன். அது தானா நிக்கும்னு பொறவு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

முழிச்சு என்ற மடியில படுத்து அழுவறான். "டோன்ட் டெல் அம்மா. டோன்ட் டெல் வேட். ப்ளீஸ் அம்மாயி, திஸ் இஸ் ஆல் ஐ ஹாவ்." எனக்குப் பாதிதான் புரிஞ்சுது, ஆனா எல்லாம் புரிஞ்சுது. எனக்கு வேற ஒரு கணக்கு இருந்துச்சு. சன்னிவேல்ல இருந்து ஒரு எடம் வந்திருந்துச்சு. நம்ம ஈரோட்டுப் பக்கத்து ஆளுங்க. பொண்ணு தங்கம். ரெண்டு வாரத்துல ஊடு பாக்க வராங்க. வலிப்புன்னு ஒரு சொல்லு வெளிய போனா ஆரு பொண்ணு குடுப்பா? ஊருல எங்க பெரியம்மா மவனுக்கு அப்படித்தான், நாப்பது வயசு வரைக்கும் ஒத்தையா கெடந்தே போனான். அதனால அவன் ஒரு வாய மூடினான், நான் ஒரு வாய மூடினேன். தரைய தொடச்சேன். தோசைய மறுபடி ஊத்தினேன்.

ஆனா சும்மா விட மனசில்ல. அந்தச் சாவிய எடுத்து, அவன் ரேஸ் க்ளவுஸு வலது கையில, மணிக்கட்டுப் பக்கம் உள்துணிக்குள்ள வெச்சுத் தெச்சுப்போட்டேன். இரும்பு கூடவே இருந்தா வராதுன்னு. அவனுக்குத் தெரியும். வேட்டுக்குத் தெரியாது.

அந்தச் சனிக்கெழம வேட் ஒரு சுத்து வந்தாரு. எஞ்சின், குட். பிரேக், குட். எங்கிட்ட வந்தாரு. வழக்கமா கேட்டுட்டுப் போயிருவாரு. அன்னிக்கு நின்னாரு. கவின ஒருதாட்டி பாத்தாரு, என்னைய ஒருதாட்டி பாத்தாரு. வெதைய மெல்லறத நிறுத்திட்டாரு. "மிஸ் நல்லா. குட்?"

என்ற கை டயருமேல இருக்குது. டயரு நல்லாத்தான் இருக்குது. ரெண்டு வெரக்கட, நூலு புடிச்சாப்புல. அவரு டயரத்தான கேக்கறாருன்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன். "குட்"னேன்.

அவ்வளவுதேன் பானு, நான் செஞ்சது. ஒரு சொல்லு.

பாதி ரேஸுக்கு மேல, மூணாவதா போயிட்டிருந்தான். நேரா வந்தான், திரும்பற எடம் வந்துச்சு, திரும்பல. பிரேக்கும் போடல. சாஞ்ச ரோட்டுல மேல ஏறிப் போயி, அங்க போயிட்டிருந்த கேசி காரோட நடு இடுப்புல அடிச்சு, அவளையும் தள்ளிக்கிட்டு செவுத்துல.

வேட் மொதல்ல எங்க ஓடினாரு தெரியுமா? ஆளுங்கள வெளிய எடுத்த பொறவு, காருகிட்ட வந்து ஒவ்வொரு டயரா கட்டவெரல வெச்சு அமுக்கிப் பாத்தாரு. காரு திரும்பலைன்னா டயரு வெடிச்சிருக்கணும். வலது பின் டயர்ல காத்து அப்படியே இருந்துச்சு. அவரு என்னைய நிமிந்து பாத்தாரு. டயரு வெடிச்சிருக்கக் கூடாதா சாமின்னு நான் வேண்டிக்கிட்டேன் அம்மிணி. ஒம்போது வருசத்துல மொதோ தாட்டி, என்ற டயரு மோசம் போயிருக்கக் கூடாதான்னு.

ஆம்புலன்ஸ்காரன் கத்திரியால கவின் க்ளவுஸ வெட்டினான். டங்குன்னு கான்கிரீட்ல உழுந்துச்சு சாவி. வேட் குனிஞ்சு எடுத்தாரு. திருப்பித் திருப்பிப் பாத்தாரு. அவரு காருல அவருக்குத் தெரியாத பொருளு. சுமதிகிட்ட, "இது என்னன்னு உங்கம்மாகிட்ட கேளு"ன்னாரு.

சுமதிக்குத் தெரியாதே. "அம்மா, என்ன இது?"

"வலிப்புக்கு"ன்னேன்.

"ஆருக்கு வலிப்பு?"

நான் கவினு படுத்திருந்த ஸ்ட்ரெச்சரப் பாத்தேன். சுமதி வேட் பக்கம் திரும்பி இங்கிலீஷ்ல சொல்ல ஆரம்பிச்சா. ரெண்டு வார்த்த சொன்னா. மூணாவது வார்த்தையில நின்னுட்டா. பெத்தவ, புள்ளைக்கு இன்னது இருக்குதுன்னு அடுத்தவனுக்குச் சொல்லும்போதுதான் அவளே தெரிஞ்சுக்கறா. அவ மொகம் அன்னிக்குப் போன போக்கு… அந்த வெங்காயத்தையும் இப்படிக் குடு, நறுக்கிப்போடறேன்.

வேட் கத்தல. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். அந்தச் சாவிய என்ற உள்ளங்கையில வெச்சு, என்ற வெரல ஒவ்வொண்ணா மடக்கி மூடினாரு. "யூ செட் குட்"னாரு. அந்த இங்கிலீஷு எனக்கு ஆரும் சொல்ல வேண்டியதில்ல. கேசி ஆம்புலன்ஸ் கூடப் போயிட்டாரு. அதோட சரி. அவரு திரும்ப எங்கூடப் பேசல. என்ற வேல அந்த எடத்துலயே முடிஞ்சுபோச்சு. நூலு உருண்டை அங்கயே டயருமேல இருந்திருக்கும்.

கேசி உசுரோட இருக்கறா. இடுப்பு நொறுங்கிப்போச்சு. ரெண்டு கம்ப வெச்சுக்கிட்டு நடக்கறாளாம். ஒரு வருசம் கழிச்சு முறுக்கு சுட்டு டப்பாவுல போட்டு சுமதி கையில குடுத்து அனுப்பினேன். அவங்கம்மா கதவத் தெறக்கவே இல்ல. சரிதான. நானா இருந்தாலும் தெறக்க மாட்டேன்.

இன்னொன்னு கேளு. சன்னிவேல்காரங்க ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க, ஆப்பிளு வாங்கிக்கிட்டு. பொண்ணோட அப்பா என்ற பக்கத்துல உக்காந்தாரு. "எங்க தம்பிக்கும் இதேதானுங்க. மாத்திர சாப்பிட்டுக்கிட்டு ரெண்டு புள்ள பெத்து நல்லா இருக்கறான். ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா டாக்டர் பேரு சொல்லியிருப்பனுங்களே"ன்னாரு. எப்படி? ஆருக்குப் பயந்து வாய மூடினேனோ அவங்க ஊட்டுலயே அது இருக்குது! சிரிப்பு வருதா இல்லையா? எனக்கு அங்கயே சிரிப்பு வந்துருச்சு. நர்ஸு வந்து தண்ணி குடுத்துட்டுப் போனா. அந்தப் பொண்ணுக்குப் போன தை மாசம் கல்யாணம். நல்லா இருக்கட்டும்.

கவினுக்கு இருவத்தேழு வயசாவுது. நாலு மாத்திர. மாசக்கணக்கா வலிப்பு வராம இருந்தாத்தான் கார தொடலாம்னு சொல்லியிருக்காங்க. அஞ்சு மாசம் போவும், ஒருநா வந்துரும், திரும்ப ஒண்ணுல இருந்து எண்ணணும். இந்த ஊருல காரு இல்லாம பால் பாக்கெட் கூட வாங்க முடியாது, உனக்குத் தெரியாததா. அவன சுமதி கொண்டு போயி எறக்கி உடறா, பின் சீட்டுல. முன் சீட்டுல உக்காந்தா அவன் காலு தானா பிரேக் மிதிக்குதாம். வேன் சாவி என்ற முந்தானையில முடிஞ்சிருக்குது பாரு. அது ஒண்ணுதான் இப்ப இந்த ஊட்டுல எனக்குக் குடுத்திருக்கற வேல. சாவிய வெச்சிருக்கறது.

அஞ்சு ஆனா போயி டிரைவர் சீட்டுல உக்காந்துக்குவான். எஞ்சின் இல்ல, ஒண்ணுமில்ல. ஸ்டியரிங்க எடதுபக்கமே புடிச்சுக்கிட்டு…

இரு, கராஜு கதவு சத்தம் கேக்குது. மணி அஞ்சாயிருச்சா? இந்தா, கொத்தமல்லி ஆஞ்சாச்சு, வெங்காயத்த நீயே நறுக்கிக்க, கண்ணு எரியுது எனக்கு. நான் போயி வேனுக்குப் பின்னாடி நிக்கணும், வலது டயர்ல கைய வெச்சுக்கிட்டு. அவன் கதவத் தெறந்து தலைய நீட்டிக் கேப்பான். ரெண்டுன்னு சொல்லணும். சொன்ன பொறவும் திருப்பிக் கேப்பான். ஆரும் பதில் சொல்லலைன்னா ராத்திரி சோத்துக்கும் எறங்க மாட்டான். வரேன் அம்மிணி, கதவ சாத்திட்டுப் போ.